ஒரே கூட்டம்

பூசாரிபாளையத்தில் ஜெனிட்டா வீட்டுக் குழாயில்
சிறுவாணி வரும் நாள் பார்த்துப் போகிறேன்.
இருபது லிட்டர் கேன், இரண்டு.
திருப்பூர் பஸ்ஸில் கண்டக்டர் காலால் தட்டிப் பார்க்கிறார்.
“கள்ளுங்களா?”
“தண்ணிங்க.”
“திருப்பூர்ல கெடைக்காத தண்ணியா?”
லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார்.
மீனுக்கு என்றால் சிரிப்பார்.
சொல்லவில்லை.

மீன் என் கட்டைவிரல் நீளம்.
மேலெல்லாம் நீலப் பொடி, கண்ணை அறுத்துக்கொண்டு ஒரு கறுப்புக் கோடு,
பெட்டைக்கு மட்டும் வயிறு ரோஸ்.
யூனுஸ் கடையில் பெயர் ராம். ஜோடி அறுநூறு.
“இது மட்டும் வேண்டாங்க மேடம்.”
விற்கிறவரே சொன்னார்.
“நம்மூரு உப்புத்தண்ணி ஆகாது.
சூடு கொறஞ்சா ஆகாது.
லைட்டைப் படக்குனு போட்டாக்கூட ஆகாது.”
எனக்கு அந்த ‘ஆகாது’ பிடித்துப் போயிற்று.
முப்பத்தெட்டு வயதில்
ஒருவரிடமும் அதைச் சொல்ல வாய் வந்ததில்லை.

வேலை, சாயக்கழிவு சுத்திகரிப்பு நிலையத்து லேப்பில்.
காலையில் நீலம் வரும், மதியத்துக்குமேல் சிவப்பு,
எந்த நாட்டுக்கு எந்த ஆர்டரோ அது.
பகலெல்லாம் தண்ணீரிலிருந்து நிறத்தைப் பிரிக்கிறேன்.
ராத்திரி
வாதாங்கொட்டை மரத்துச் சருகைக் கொதிக்க வைத்து
தெளிந்த சிறுவாணியில் ஊற்றுகிறேன்,
டிக்காஷன் நிறம் வரும்வரை.
அதுகளின் ஆறு அப்படித்தான் இருக்குமாம்.

முதல் ஜோடி பதினோரு நாள்.
இரண்டாவதில் ஆண் மூலையில் கறுத்து நின்றது,
செவுள் ஓவர்லாக் மிஷினாய் அடித்தது.
விடிந்தபோது
கரண்ட் போன பனியன் கம்பெனி.
பெட்டை அடுத்த நாள்.

மூன்றாவது ஜோடி முட்டையிட்டது.
தட்டைக் கல்லின்மேல் கசகசா, நூற்றைம்பது இருக்கும்.
லீவ் எழுதிக் கொடுத்தேன். காரணம்: சொந்தத்தில் விசேஷம்.
இரண்டும் மாறி மாறி விசிறின, தூங்கவேயில்லை,
நானும்தான்.
சனிக்கிழமை மேல்வீட்டில் யாரோ கதவை அறைந்து சாத்தினார்கள்.
அவ்வளவுதான்.
ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல்,
தாயே தின்றாள்.
அந்தக் கல் அத்தனை சுத்தமாக
அதற்கு முன் இருந்ததில்லை.

திங்கட்கிழமை மத்தியானம்
வாட்ச்மேன் ராசப்பன் தூக்குப்போசியைத் திறந்தார்.
ஜிலேபிக் குழம்பு.
“எங்க புடிச்சீங்க?”
“நம்ம நொய்யல்லதானுங்க. பாலத்துக்கு அக்கட்ட.”
அந்தத் தண்ணீரை நான் அளந்திருக்கிறேன்.
மீட்டரில் இரண்டாயிரத்துச் சொச்சம்.
மேலே நுரை, கீழே கட்டிங் வேஸ்ட்.
அதில் கொழுத்துத் திரிகிறது.

யூனுஸிடம் சொன்னேன்.
“ஜிலேபியும் ராமும் ஒரே குடும்பங்க மேடம்.
உங்காளுக பேச்சுல சொன்னா, ஒரே கூட்டம்.
பொண்ணு குடுத்து எடுக்க முடியாத பங்காளிக.”
அவள் முட்டையை வாய்க்குள் அள்ளிக்கொள்வாளாம்,
குஞ்சு வெளியே வரும்வரை
பட்டினி கிடப்பாளாம்.

இவளும் வாய்க்குள்தான் வைத்தாள்.

மறுநாள் ராசப்பன் டிபன் மூடியில் ஒரு துண்டு நீட்டினார்.
தின்றேன்.
முள் அதிகம். கொஞ்சம் சேத்து வாசம்.
நன்றாகத்தான் இருந்தது.

இப்போது நாலாவது ஜோடி.
ஹீட்டர் இருபத்தொன்பதில்.
கண்ணாடிக்கு மூன்று பக்கமும் துணி ஒட்டியாயிற்று,
ஷேடு கூடிப்போய் ரிஜெக்ட் ஆன மெரூன்.
மேல்வீட்டுக்காரரைப் படியிலேயே மறித்துச் சொன்னேன்:
“கதவை மட்டும் கொஞ்சம் மெதுவா சாத்துங்க. அறையறது ஆகாது.”
சொல்லிவிட்டேன்.
அவர் என்னையும் இரண்டு கேனையும் பார்த்தார்.
“கைக்கொழந்தைங்களா? எங்களுக்குத் தெரியவே இல்லீங்களே.”

ஆமாங்க என்று சொல்லி
கேனை உள்ளே இழுத்தேன்.