கையும் களவும்

பெயரிலேயே வீடியோ உள்ள ஊர் எங்களுடையது,
மொண்டேவீடியோ.
அதனால்தானோ என்னவோ
பதினேழு நொடிப் படம் ஒன்றை
ஊரே நம்பியது.

படத்தில் எல்பியோ எச்சார்ட்,
துறைமுகச் சுமைக்காரர் சங்கச் செயலாளர்,
வேலைநிறுத்தத்துக்கு முந்தின இரவு
தடித்த உறை ஒன்றைக் கைநீட்டி வாங்குகிறார்.
அவர் குரல், அவர் இருமல்,
காதோரத்து மச்சம்கூட.
கையும் களவுமாய், என்றது செய்தி.

களவு இருந்தது.
கைதான் அவருடையது இல்லை.
உறையைப் பற்றிய வலது கையில் விரல் ஐந்து.
எல்பியோவுக்கு நான்கு;
சுண்டுவிரலைத் தொண்ணூற்றெட்டில்
ஒரு கன்டெய்னர் கதவு எடுத்துக்கொண்டது.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள்.
இங்கே
கண்ணாடியைப் பார்த்த பிறகு
கையை யாரும் பார்க்கவில்லை.

நான் சிற்பம் செய்கிறவள். ஒஃபேலியா.
கட்சி கிடையாது, எந்தச் சங்கத்துக்கும் சந்தா கட்டியதில்லை.
அவர் மணிக்கட்டுவரை வாசலைன் தடவி
ஒரு வாளி பிளாஸ்டர் கலந்தேன்.
"பத்து நிமிஷம் அசையாதீங்க."
பன்னிரண்டு நிமிடம் அசையவில்லை.
இறுகும்போது சூடேறும், சொல்ல மறந்துவிட்டேன்.
"யாரோ கைகுலுக்குற மாதிரி இருக்கு" என்றார்,
மூன்று வாரமாய் எவரும் குலுக்காத கையை
உள்ளே வைத்துக்கொண்டு.

கடல் என்றே நாங்கள் கூப்பிடும் ஆற்றின் கரையில்,
தூண்டில்காரர்கள் உட்காரும் மதில்மேல்,
சிமெண்டில் வார்த்து நிறுத்தினேன்.
தலைப்பு வைக்கவில்லை.
தொடலாம், என்று மட்டும் எழுதினேன்.

தொட்டார்கள்.
மாத்தே குடிக்க வெந்நீர் ஃபிளாஸ்க்கை
அக்குளில் இடுக்கியபடி ஒரு பெண்
விரல் இல்லாத அந்த இடத்தை
நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள் இன்னொரு படம் வந்தது.
நள்ளிரவு. அதே மதில்.
நான்
சுத்தியலால் சிலையின் சுண்டுவிரலைத் தட்டி உடைக்கிறேன்.
என் மேல்கோட்டு. என் சாய்ந்த நடை.
ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்,
விரல் கல்லில் விழும் சத்தத்தை
அழகாகச் செய்திருந்தார்கள்.
அன்றிரவு எங்கே இருந்தேன் என்று
ஒரு கணம் நானே யோசித்தேன்.

தங்கை போன் செய்தாள்.
நீயா என்று கேட்கவில்லை.
ஏன் என்று கேட்டாள்.

எல்பியோவிடம் சொல்லப் போனேன்.
சங்கம் நீக்கிவிட்டது, வேலையும் போயிற்று.
துறைமுக வாசலில், காற்றுக்கு முதுகு காட்டி,
செம்புச் சட்டியில் சர்க்கரைக் கடலை கிளறுகிறார்.
முழுக்கக் கேட்டார். சிரிக்கவில்லை, திட்டவில்லை.
"சுத்தியல் எந்தக் கையில?" என்றார்.
"வலது."
"நீங்க இடது கைக்காரி ஆச்சே."
அவ்வளவுதான். அடுத்த ஆள் வந்துவிட்டார்.

காகிதக் குழலுக்கு ஒரு பிடி, அதுதான் விலைக்கணக்கு.
அவர் பிடியில்
சுண்டுவிரல் இருந்த பக்கமாக
நாலைந்து கடலை எப்போதும் நழுவிவிடும்.
நழுவியதற்குப் பதிலாக
மறுபடி கொஞ்சம் அள்ளிப் போடுகிறார்,
வாங்குகிறவர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது.
போனை எடுத்தேன்,
பைக்குள் திரும்பப் போட்டேன்.
அடுத்தவருக்கும் அள்ளினார். நழுவியது.
மறுபடி கொஞ்சம்.