அரைப்பேர்

அப்புத்தளைக்குக் கீழே, பழைய தோட்டம்.
மருந்துக்காம்பராவுக்கு வெள்ளையடிக்க
அலுமாரியை நகர்த்தினோம்.
பின்னால் விழுந்து கிடந்தது
எலி தின்றது போக மிச்சமிருந்த பதிவேடு.

நான் இங்கே மிட்வைஃப்.
பூச்சி அரித்த எழுத்தையும் வாசித்துப் பழக்கம்.
காய்ச்சல், கொக்கிப்புழு, கவ்வாத்துக் கத்தி வெட்டு,
காய்ச்சல், காய்ச்சல்,
பிறகு முப்பத்தெட்டாம் வருசம், ஆகஸ்ட் பதினொன்று:
பூங்காவனம். பேர் நம்பர் 214.
நோய், பேச்சு அதிகம்.

இங்கிலீசில் எழுதியிருக்கிறார்
அருளம்பலம் டிஸ்பென்சர்.
ஏசியது தமிழில்தான் இருக்கும்.

என்ன பேசினாள் என்பது
ஓரத்தில், பென்சிலில்:
'சம்பள மேசைக்குத் தானே வந்து
தன் காசைத் தன் கையில் கேட்டாள்.'

அப்போதெல்லாம் அந்த வரிசை ஆம்பிளைகளுடையது.
அவள் கிள்ளிய கொழுந்துக்கு
அவன் கை நீளும்.
இரண்டு பக்கம் முன்னே புரட்டினேன்.
அதே 214. ஆண் குழந்தை, இறந்து பிறந்தது.
தாய் நலம்.
பதினேழு நாள்தான் இடையில்.
பால் கட்டி மார்பு கல்லாகிக் கிடந்திருக்கும்.
அதைப் பதிவேடு எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

புரோமைட் கலவை, மூன்று வேளை.
தூங்குகிறாள்.
புரோமைட், அளவு கூட்டி.
தூக்கத்திலும் கணக்குச் சொல்கிறாள்.
பீலித் தண்ணீருக்கடியில் அரைமணி நேரம்,
விடியுமுன், இரண்டு பேர் பிடித்துக்கொள்ள.

கோடாங்கி வந்து முனி என்றானாம்.
மூடத்தனம், என்று எழுதுகிறார் டிஸ்பென்சர்,
இது கர்ப்பப்பைக் கோளாறு.
தலைமுடியை மழித்துவிடலாம் என்பதில் மட்டும்
இருவருக்கும் ஒரே அபிப்பிராயம்.

அங்கொடைக்கு அனுப்பும் தாள்.
புருஷன் இராக்கனின் பெருவிரல்.
சடையப்பன் கங்காணி கையெழுத்து.
துரையின் இரண்டெழுத்து, மை சிந்தி.
அவள் விரலைத் தேடினேன்,
தாளைத் திருப்பியும் பார்த்தேன்.

அங்கொடையிலிருந்து ஒரு கடிதம்,
குண்டூசி துருவேறி அதில் ஓட்டை:
'நோயாளியின் சொற்கள் தொடர்பற்றவை.
வார்டில் தமிழறிந்தவர் எவருமில்லை.'
இந்த இரண்டு வரியும்
ஒன்றன்கீழ் ஒன்றாகவே இருக்கின்றன.
'ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.
தெய்வத்தின் பெயராக இருக்கலாம்.'
சத்தத்தை இங்கிலீஸ் எழுத்தில் பிரித்து,
ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே கோடிட்டு,
கவனமாகத்தான் எழுதியிருக்கிறார் டாக்டர்.

வாய்விட்டு வாசித்தேன்.
அ. ரப். பே. ரு.
மறுபடி.

சுண்ணாம்பு வாளியோடு நின்ற சுலோச்சனா
சிரித்துவிட்டாள்.
'அரப்பேரு மிஸ்.
நேத்து எனக்கும் அதான் போட்டாங்க,
ரெண்டு கிலோ கொறைஞ்சிச்சுன்னு.'
பிறகு என் முகத்தைப் பார்த்து
பிரஷ்ஷை வாளிக்குள் வைத்தாள்.

அதற்குமேல் எலி தின்றிருக்கிறது.
அடுத்த வருசம், மார்ச்:
பேர் நம்பர் 214, சின்னப்பொண்ணு, இருமல்.
அதே இலக்கம், அதே காம்பரா,
புருஷன் என்ற இடத்தில் இராக்கன்.

இது நடந்தது வெள்ளிக்கிழமை.
திங்கட்கிழமை, சுவர் இன்னும் காயவில்லை,
மேல்லயத்திலிருந்து ஒருத்தன்
பெண்டாட்டியைத் தோளில் பிடித்து உள்ளே விட்டான்.
'ராவெல்லாம் பேசுறா மிஸ்.
தூங்குறதுக்கு ஒரு ஊசி போடுங்க.'

என்ன பேசுகிறாய் என்று அவளைக் கேட்டேன்.
அவன் பதில் சொன்னான்.
இன்னொரு தரம் அவளைக் கேட்டேன்.
அவன் பதில் சொன்னான்.

வெளியே போய் நில்லுங்கள் என்றேன்.
ஈரத்தில் உப்பிய கதவு
முழுசாகச் சாத்தவில்லை.
புதுப் பக்கம் திறந்து
திகதி மட்டும் எழுதி
பேனாவை மூடி வைத்தேன்.

அவள் வாயைத் திறக்கவில்லை.
கதவுக்கடியில்
இரண்டு செருப்பு தெரிந்தது.
அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.