இரண்டாயிரத்துக்குள்

மலாத்யாவில் ஜூலை மாதம்
மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்துவார்கள்.
உள்ளே தட்டுத் தட்டாக ஆப்ரிகாட்.
தரையில் ஓர் இரும்புச் சட்டி,
சட்டியில் கந்தகப் பொடி,
பொடியில் நீலமாக ஒரு தீ.
ஹிதிர் வெளியே வந்து
கதவிடுக்கில் ஈர மண் அப்புவார்.
விடியும்வரை பழங்கள்
அந்தப் புகையைக் குடித்துக்கொண்டிருக்கும்.

கண்ணைப் பறிக்கும் நிறம் என்கிறோமே,
அது முதலில் பறித்தது
ஹிதிரின் கண்ணைத்தான்.
நாற்பத்தாறு வயது.
எப்போது பார்த்தாலும்
இப்போதுதான் அழுது முடித்தவர் போல இருப்பார்.
கேட்டால், அழுததே இல்லை என்பார்.

என் வேலை அதற்கு அப்புறம்.
நான் பெசிமே.
பொட்டலம் கட்டும் ஆலையின் பின்னால்
குளியலறை அளவில் ஒரு சோதனைக்கூடம்.
ஐம்பது கிராம் பழம், கொஞ்சம் அமிலம், கொதி.
பழம் குடித்த புகை
குழாய் வழியே தயங்கித் தயங்கி வெளியே வரும்.
சிவந்த நீர் மஞ்சளாகும்வரை
சொட்டுகளை எண்ணுவேன்.
கிலோவுக்கு இரண்டாயிரம் மில்லிகிராம்.
அதற்குள் என்றால் ஐரோப்பா.
தாண்டினால்?
தாண்டினால் என்னவென்று
எனக்கு யாரும் சொன்னதில்லை,
இந்த மார்ச் வரை.

மானம் கப்பலேறிவிடும் என்பார்கள்.
எங்களுடையது கப்பலேறித் திரும்பி வந்தது.
பிரேமன் துறைமுகத்து முத்திரையோடு
இருபது டன்.
போனது போலவே பளபளவென்று,
ஒரு பழம்கூட முகம் கறுக்காமல்.
எறும்பு வரிசையொன்று
பெட்டியின் விளிம்புவரை வந்து
யோசித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனது.

நுரெத்தின் முதலாளி கோபப்படவில்லை.
கணக்குப் போட்டார்.
மேட்டு நிலத்துக்காரர்கள்
வெயிலில் மட்டும் காயவைக்கும் பழுப்புப் பழம்
பத்து டன் வாங்கி இறக்கினார்.
செருப்புத் தோல் நிறம். வாயில் போட்டால் தேன்.
நிறத்துக்காக யாரும் வாங்காதது.
"இரண்டையும் பொடியாக நறுக்கிக் கல.
சிற்றுண்டிப் பொட்டலத்துக்குப் போகட்டும்.
சராசரி தானாக இறங்கும்."
பிறகு கதவைப் பார்த்துவிட்டு,
"வெளியே மூச்சு விடாதே."

மூச்சு என்றால் எங்கள் ஆலையில்
ஃபிதான் ஞாபகம்தான் வரும்.
கடைசி மேசையில் பொறுக்குகிறவள்.
பெட்டியைத் திறந்த மாத்திரத்தில்
அவள் நெஞ்சுக்குள் யாரோ சீழ்க்கை அடிப்பார்கள்.
இரண்டாயிரத்து நூறுக்கு ஒரு சுருதி,
இரண்டாயிரத்து அறுநூறுக்கு இன்னொன்று.
என் கருவிக்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும்.
அவளுக்கு ஒரு மூச்சு போதும்.
போதாமலும் போகும்.
அப்போது பையிலிருந்து நீலக் குப்பியை எடுத்து
வாயில் வைத்து அழுத்திக்கொண்டு
கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நிற்பாள்.
அந்த நேரத்துக்குக் கூலி பிடிப்பார்கள்.

கலந்த சரக்கு அவள் மேசைக்கு வந்த நாள்
நான்தான் போய்ச் சொன்னேன்:
"பயப்படாதே ஃபிதான், ஆயிரத்து எண்ணூற்று எழுபதுதான்."
அவள் இரண்டு துண்டுகளை எடுத்தாள்.
ஒன்று பழுப்பு. ஒன்று தீ நிறம்.
உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.
"எது?"

எது என்று கேட்டால்
நான் என்ன சொல்வேன்?
இரண்டுமில்லை.
ஆயிரத்து எண்ணூற்று எழுபது என்ற துண்டு
அந்த முப்பது டன்னில் எங்கேயும் கிடையாது.
அதை என் பேனா மட்டும்தான் பார்த்திருக்கிறது.
பிரேமனிலோ வேறெங்கோ
ஒரு பிள்ளை பொட்டலத்தைப் பிரித்தால்
சராசரியையா எடுத்து வாயில் போடும்?

அன்று ராத்திரி கூடத்தில் தங்கினேன்.
துண்டுகளை நிறம் பார்த்துப் பிரித்தேன்,
ஐம்பது ஐம்பது கிராமாக.
ஐந்து தீ நிறக் குவியல், ஐந்து பழுப்பு.
விடிவதற்குள் பத்து எண்கள்.
ஒன்று சுழியம். ஒன்று மூவாயிரத்தை ஒட்டியது.
படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது.
கட்டத்தைக் காலியாக விட்டு
ஓரத்தில், கோட்டுக்கு வெளியே,
பத்தையும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

குமாஸ்தா ஷாபான் படிக்கவில்லை.
கட்டத்தின் மேலேயே முத்திரையைக் குத்தினான்.
காலியான இடம் பார்க்கச் சரியாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து
தேநீருக்குத் தீக்குச்சி உரசினேன்.
அந்த ஒரு நொடி வாசனை.
ஜன்னலைத் திறந்தேன்.
எதிரே ஆலையின் கதவு. லாரி உறுமுகிறது.
அது கிளம்புகிறதா, நிற்கிறதா என்று
இருட்டில் தெரியவில்லை.