பதினேழு ஃபிரேம்

தாலினில், சன்னலுக்குக் கறுப்புத்தாள் ஒட்டிய அறை.
களிமண் நரியின் கன்னத்தருகே மீட்டர்:
எட்டு என்கிறது.
லென்ஸ் இத்தனை கிட்டே வந்தால் ஒளி இளைத்துவிடும்;
ஒரு படி திறந்து ஐந்து புள்ளி ஆறு.
ஓடும் கேமராவின் கணக்கு இங்கே செல்லாது,
ஒற்றை ஃபிரேமுக்குக் கால் நொடி.
கீழே டிராம் திரும்பினால் விளக்கு மங்கும்.
போகட்டும் என்று நின்று
பொத்தானை அமுக்குவாள் மில்வி.

நரி தலைதிருப்ப நாலு நாள்.

லேபிலிருந்து வந்த சுருளில்
மூன்றாம் நாள் மட்டும் இடக்கன்னம் வெளுத்திருக்கிறது.
நோட்டில் அதே துளை, அதே கால் நொடி.

அன்றுதான் விவாகரத்துக் கையெழுத்து.
கறுப்புச் சட்டைக்கு மாறாமல்
வெள்ளையோடே வந்து
விளக்கருகே நின்றிருக்கிறாள்.

பதினேழு ஃபிரேம்,
முக்கால் நொடிகூட ஆகாது:
எதையோ கேட்டதுபோல்
நரி வெளிறித் தெளிகிறது.

வெட்டாமல் ஒட்டினாள்.