ஏகாரம்

பத்து மணிக்கு ஆய்வாளர் வருகிறார் என்று
ஒன்பதேகாலுக்குத்தான் சொன்னார்கள்.
முக்கால் மணி நேரம் எங்களுக்குத் தாராளம்.

பதினேழாம் அறை, இரவு ஷிஃப்ட் ஆட்கள்.
உரிமத்தில் எட்டு, உறக்கத்தில் பன்னிரண்டு.
இரண்டு அடுக்குக் கட்டில்களின் திருகைக் கழற்றி
மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சாத்தினோம்.
அதில் படுத்திருந்த நான்கு பேரையும்
எழுப்பிப் பேருந்தில் ஏற்றினோம்.
'ஃபலஜ் ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டே இரு,
போன் பண்ணுகிறேன்' என்றேன் டிரைவரிடம்.
தவசிமுத்து தலையணையோடு ஏறினான்.

சோஹாரில் ஜூலை.
காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும்.

ஹமூத் இளைஞர். இந்த வருடம்தான் வேலையில் சேர்ந்தவர்.
தொப்பியிலிருந்து செருப்புவரை கசங்காதவர்.
லேசர் அளவுகோலால் சுவரில் சிவப்புப் புள்ளி வைத்தார்.
நீளம், அகலம், தலைக்கு இத்தனை சதுர மீட்டர்
என்று அதுவே கணக்குப் போட்டது.
எட்டால் வகுத்ததால் எல்லாம் சரியாக வந்தது.

படிவத்தில் நாற்பத்தொரு கேள்விகள்.
ஏசி ஓடுகிறதா? ஓடுகிறது.
நேற்று ராத்திரி ஓடியதா என்று படிவம் கேட்பதில்லை.
புகை காட்டும் கருவி உண்டா? உண்டு.
அதற்கு மாட்டியிருந்த ரப்பர் கையுறையைக்
காலையில் உருவியவன் நான்.
சமையலறையில் எலி? இல்லை.
அதுவும் பேருந்தில் போயிருக்க வேண்டும்.

கடைசிக் கேள்வி மட்டும் ஆட்களுக்கு.
அவர் அரபியில் சொல்ல, நான் தமிழில் கேட்க வேண்டும்.
குறை உண்டா என்பது படிவத்தில் இருப்பது.
ஆறு வருடமாக நான் கேட்பது:
'குறை ஒண்ணும் இல்லையே?'

ஒரே ஓர் ஏகாரம்.
தேற்றம், வினா, பிரிநிலை என்று
பள்ளியில் கட்டம் போட்டுப் படித்த அதே எழுத்து.
கேட்கும்போதே பதிலையும் வாயில் திணித்துவிடும்
இந்த வேலைக்கு மட்டும்
அந்தக் கட்டத்தில் பெயர் இல்லை.
சம்பளச் சீட்டில் இருக்கிறது:
மொழிபெயர்ப்புப் படி, மாதம் பதினைந்து ரியால்.

'இல்லை சார்' என்றார்கள் எட்டுப் பேரும்.

ஹமூத் பேனாவை மூடினார்.
மூடியவர் ஜன்னல் பக்கம் போனார்.
பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலில்
பல்தேய்க்கும் பிரஷ்கள்.
தொடாமல், விரலை மட்டும் அசைத்து
வாஹித், இத்னேன் என்று எண்ணிக்கொண்டே போய்
இத்னாஷில் நிறுத்தினார்.
பன்னிரண்டு.
அதில் ஒன்று இன்னும் ஈரமாக இருந்தது.

என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:
'இந்த வாரம் எனக்கு இது ஏழாவது கேம்ப்.
எல்லா இடத்திலும் இந்தக் கேள்வி
யே என்றுதான் முடிகிறது.
எங்கள் ஆபீஸ் டீக்காரர் உங்கள் ஊர்தான்.
டீ வேணுமா என்பார். போதுமா என்பார்.
கேள்வி மா என்றல்லவா முடிய வேண்டும்?'

இலக்கணத்தில் தோற்றவன்போல நின்றேன்.
'மறுபடி கேள்' என்றார்.

'குறை உண்டா?'

அந்தச் சொல் எனக்கே புதிதாகக் கேட்டது.
ஏசி மட்டும் முனகிக்கொண்டிருந்தது.
யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை;
புதிதாக வெளுத்த தரையைப் பார்த்தார்கள்,
கட்டில் கால்கள் அழுத்திய எட்டுக் குழிகளை.

கடைசியில் மன்னார்க்கார இருதயநாதன்
மெத்தைக்கு அடியில் கைவிட்டு
ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார்.
'குறையெண்டு ஒண்டுமில்லை.
தவசிமுத்து இதை மறந்திட்டுப் போயிட்டான்.
சுகருக்கு. பத்து மணிக்குப் போடுறவன்.'

மணி பத்து நாற்பது.
சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. டிரைவர்.
ஹமூத் கையிலிருந்த கருவியை அணைக்க மறந்திருந்தார்.
சிவப்புப் புள்ளி என் பையின்மேல் நின்றது.

மாத்திரையைச் சொன்னேன். மணியைச் சொன்னேன்.
ஒட்டாமல், கூட்டாமல் சொன்னேன்.
அரபியில் ஒட்டுவதற்கு எனக்கு எதுவும் தெரியாது.

'அந்த ஆள் எங்கே?'

'ரவுண்டானாவில்.'

'எத்தனை நேரமாக?' என்று கேட்டார்,
பேனாவைத் திறந்துகொண்டே.