பூக்குமுன்

பால்மானி பொய் சொல்லவில்லை.
இருபத்தெட்டில் நின்றது. தண்ணீர் கலக்காத பால்.
ஆனாலும் நிரூஜன் கான் மூடியில் கொஞ்சம் ஊற்றி
நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தான்,
துப்பினான்.
"பவளக்கா, கசக்குது."
ஒன்பது லீற்றர்.
ஒட்டுசுட்டான் றோட்டில் அவனுடைய மோட்டார்சைக்கிள்
மற்றவர்களின் பாலோடு போய் மறைந்தபிறகு
நானும் குடித்துப் பார்த்தேன்.
செம்பியின் மடியில் பிழையில்லை.
பிழை தரவையில்.

ஆவணிக் காய்ச்சலில் புல் கருகிக் கிடக்க
அது மட்டும் பச்சையாய் நின்றது.
கரட் இலை போல இலை,
அரிசிக் குறுணி தூவினாற்போல பூ,
பார்க்க வடிவு.
பார்த்தீனியம் என்பார்கள் கமநலத்தில்.
எங்கள் பக்கத்தில் அதற்கு வேறு பெயரில்லை.
பெயர் வைக்கிற அளவுக்கு
ஒருவரும் அதோடு உறவாடவில்லை.

புல் இருக்கும்வரை மாடு அதைத் தொடாது.
புல்லை அது இருக்க விடாது.

ஐப்பசி மழை மூன்றாம் நாள்.
மண் இளகி வேர் வழுக்கிக்கொண்டு வரும் நேரம்.
மகளின் பள்ளிக்கூடக் காலுறை இரண்டையும்
கைகளில் மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
இரண்டு ஏக்கர்; முழங்காலால் அளந்தேன்.
எருக்கை விட்டேன், ஊமத்தையை விட்டேன்,
அவற்றின் குணம் மாடு அறியும்.
தகரையை விட்டேன்; அது படர்ந்தால்
இதற்கு இடமிருக்காது,
இரவைக்கு வறைக்கும் ஆகும்.
வேலியோரம் கல்லுப்புக் கரைத்துத் தெளித்தேன்.
முழங்கைவரை தடித்துச் சொறிந்தது.
சொறிந்துகொண்டே எண்ணினேன், கார்த்திகைக்கு எத்தனை நாள்.
பூத்தபிறகு பிடுங்குகிறவள்
பிடுங்குவதில்லை, விதைக்கிறாள்.

முடித்து நிமிர்ந்தால்
கதியாலுக்கு அப்பால் குகபாலன் அண்ணையின் நாலு ஏக்கர்,
இடுப்பளவு.
வாடை அடிப்பது
அவர் காணியிலிருந்து என் காணிக்கு.

ஸ்காபரோவுக்குப் போன் எடுத்தேன். அங்கே விடியவில்லை.
"களை பிடுங்கவோ? எங்கட காணிக்குள்ளயோ?"
"ஓம் அண்ணை."
"உறுதி என்னட்டை இருக்கு. தெரியும்தானே?"
"தெரியும். விதைக்குத்தான் தெரியாது."
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு சொன்னார்:
"பிடுங்குங்கோ. மாடு விடவேண்டாம்.
போட்டோ அனுப்புங்கோ."

தவமணியும் அவள் கொழுந்தியும் கூலிக்கு வந்தார்கள்.
ஆறு நாள். பதினொரு நாள் பால்காசு.
பிடுங்கியதைக் கிடங்கில் போட்டு மூடினோம்,
செத்த மாட்டைப் புதைப்பதுபோல ஆழமாக.
போட்டோ அனுப்பினேன்.
"என்ன இது? ஒண்டுமே இல்லையே?"
"அதுதான் அண்ணை வேலை."
அதற்குப் பதில் வரவில்லை,
இரண்டு நீலக் கோடு மட்டும்.

தை பிறக்க
அறுகு வந்தது. என் பக்கம் கணுக்காலுக்கு.
அவர் பக்கம்,
எத்தனையோ வருடம் குளம்பு படாத மண்ணல்லவா,
முழங்காலுக்கு.
செம்பியும் மறையனும் கதியால் இடைவெளிக்குள் தலையை நுழைத்து
நாக்கை நீட்டி நீட்டி
கனடாக் காணியின் ஓரத்தை
ஒரு முழ அகலத்துக்கு
மொட்டையடித்து வைத்திருந்தன.
மாடு விடவேண்டாம் என்றார்.
கழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மாசியில் ஒரு காலை
நிரூஜன் மூடியில் ஊற்றினான்.
நாக்கில் வைத்தான்.
நான் செம்பியின் வாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
அவன் துப்பவில்லை,
மிச்சத்தையும் குடித்துவிட்டுக்
கொப்பியில் எழுதினான்: பத்தரை.

அவன் போனபின் திரும்பினால்
உப்புத் தெளித்த அதே வேலியடியில்
நாலு இலையோடு ஒன்று.
காலுறை வீட்டில்.
வெறுங்கையால் குனிந்தேன்.