தோன்றாத் தரப்பு

முதல் சம்மன் ‘கதவு பூட்டு’ என்று திரும்பியது.
இரண்டாவதும்.
மூன்றாவதைக் கதவிலேயே ஒட்ட வந்த அமீனா
பசை கொண்டுவர மறந்திருந்தார்.
ராத்திரிச் சோற்றில் ஒரு பிடி
நான்தான் மாடியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன்.

பதினொரு மாத பாக்கி.
கொருக்குப்பேட்டையில், கூட்ஸ் லைனுக்கு நாலு வீடு தள்ளி,
கீழ்ப்போர்ஷனில் அவர் இல்லாமல் இல்லை.
மூன்று மணிக்குக் காசிமேட்டுக்குக் கிளம்பும்
டிவிஎஸ் ஐம்பதின் இருமல்.
ஒன்பதுக்குச் சங்கரா வறுபடும் வாசனை.
லாரித் தண்ணி வந்தால் முதல் குடம் அவருடையது.
எதிர்ப்பட்டால்,
“இன்னாக்கா, கால்வலி எப்டி கீது?” என்பார்.
வழக்கைப் பற்றி அவர் பேசவில்லை.
நானும்.

கோர்ட்டில் டவாலி வராந்தாவுக்குப் போய்க் கூவினார்.
இன்னாசி…
ஒரு காக்கா எழுந்து வேறு தூணுக்குப் போனது.
இன்னாசி…
யாரோ ஒரு இன்னாசி திரும்பினார், இவர் இல்லை.
இன்னாசி…
என் வாய் தானாகத் திறந்தது:
“வீட்லதான் சார் இருக்காரு. தூங்குவாரு இந்நேரம்.”
வக்கீல் என் முழங்கையை அழுத்தினார்.

எதிர்மனுதாரர்
தோன்றாத் தரப்பினர் ஆக்கப்பட்டார்.

எட்டாம் வகுப்பில், ஒரு மதிப்பெண் வினா.
‘நேற்று வந்தான்.’
யார் வந்தது?
பெயர் வெளியே தெரியாது,
வாக்கியத்துக்குள் ஆள் உட்கார்ந்திருப்பான்.
தோன்றா எழுவாய்.
எழுதிவிட்டு அடிக்கோடு போட்டது ஞாபகம்.

கூண்டேறினேன்.
வாடகை எவ்வளவு? நாலாயிரத்து ஐந்நூறு.
ஒப்பந்தம், பாஸ்புக், நோட்டீஸ் நகல்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு முத்திரை.
குறுக்கு விசாரணை இல்லை.
அவர் வந்திருந்தால் கேட்டிருப்பார்,
போன மழையில் கூரை ஒழுகியதை.
தார்ப்பாய் வாங்கி வந்து மேலேறியது யார் என்பதை.
அந்தக் காசைக் கழித்தீர்களா என்பதை.
கேட்க ஆளில்லாததால்
நான் சொன்ன அளவே உண்மை ஆனது.
ஆறு நிமிஷம்.

“ஜெயிச்சிட்டீங்கம்மா” என்றார் வக்கீல், பாரிமுனை வெயிலில்.
“காலி பண்ணலைன்னா நிறைவேற்று மனு போடணும்.
அதுக்கு ஃபீஸ் தனி.”

வீட்டுக் கதவில் சம்மன் அப்படியே இருந்தது.
ஓரத்து வெள்ளையில் பென்சிலால்
தண்ணிக் கேன் கணக்கு: 3, 7, 12.
ஒரு முனையில் சோற்றுக்கு எறும்பு வந்திருந்தது.

ராத்திரி கரண்ட் போனது.
படியில் செருப்புச் சத்தம்.
என் கதவுக்கு வெளியே நின்றது.

“அக்கா.”

கூட்ஸ் ஒன்று பெட்டி பெட்டியாகக் கடந்தது.
முடியும்வரை காத்திருந்துவிட்டு,

“யக்கா.”

கையில் என்ன வைத்திருந்தாரோ.
பணமோ, அணைந்துபோன வெறும் சிம்னியோ.

“யக்காவ்.”

எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்தியை
உள்ளங்கையால் மறைத்துக்கொண்டேன்.
விரலிடுக்கு மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.